நின்று கேட்டால் கேள்வி

ஷெஃபீல்டு, இங்கிலாந்து
14 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கெஜியன் எழுதுவது. நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எழுது, சுற்றி வளைக்காதே.

வந்து பன்னிரண்டு நாளாகிறது. இந்தத் தொழிற்சாலை நம் ஷென்யாங் தொழிற்சாலையில் பாதிகூட இல்லை. ஆனால் ரோட்டர்கள் சுழலும்போது அதிராதபடி அவற்றைச் சமன்செய்ய ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதற்காக ஓராண்டு என்ன, மூன்றாண்டு வேண்டுமானாலும் இங்கே கிடப்பேன். அதற்குப் பொறுப்பு வில்ஃப் என்பவர். ஐம்பத்தெட்டு வயது, ஆறடி உயரம், நெஞ்சுவரை தாடி. நான் தனியாக ஒரு ரோட்டரைச் சமன்செய்து காட்டி, அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை கற்றதாகக் கணக்கு.

இயந்திரம் புரிகிறது. மனிதர்கள்தான் புரியவில்லை.

முதல் நாள் காலை வில்ஃப் எதிரே வந்தார். "என்ன கண்ணு, நல்லா இருக்கியா?" என்றார். கண்ணு! எனக்கு இருபத்தேழு வயது. இந்த ஊரில் தாடிக்காரர்களே ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அதை விடு. கேட்டாரே என்று நின்றேன். பால் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று நாளாக வயிறு சரியில்லை, மெத்தையின் நடுவில் குழி, அதனால் இடுப்புப் பிடித்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இடுப்புக்கு வருவதற்குள் மனிதர் இருபது கஜம் போய்விட்டார். காது மந்தம்போல என்று நினைத்து, பின்னாலேயே ஓடி, கழிப்பறை வாசலில் பிடித்து, மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். கதவைப் பிடித்தபடியே கேட்டார். "அட பாவமே" என்றார். உள்ளே போய்விட்டார்.

மறுநாளும் அதே கேள்வி. நேற்றுதானே விவரமாகச் சொன்னேன்?

வீட்டுக்கார அம்மாள் திருமதி ஹாலம் வேறு ரகம். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வது அவருக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. "மழ பெய்யுதுப்பா" என்கிறார். "ஆமா, தெரியுது" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் என்ன பொய்யா சொன்னேன்?

தொழிற்சாலை டெலிபோன் பலகை முன்னால் அழைப்புகளை இணைக்கும்போது முதுகை வளைத்து உட்காராதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

கெஜியன்



ஷென்யாங், சீனா
6 அக்டோபர் 1986

தம்பி கெஜியன்,

சாப்பிட்டாயா? வயிறு சரியாகிவிட்டதா? பாலை விட்டுத் தொலை, வெந்நீர் குடி. நான் நலமாக இருக்கிறேன். முதுகு நேராகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தைப் பலகைக்கு அடியில் மறைத்து வைத்துப் படித்தேன். கழிப்பறை வாசல் வந்ததும் சிரித்துவிட்டேன். மறுமுனையில் துணை இயக்குநர். "யாரும்மா சிரிக்கிறது?" என்றார். "லைன்ல இரைச்சல்ங்க" என்றேன்.

குளிர்காலத்துக்கான முட்டைக்கோசு வந்து இறங்கிவிட்டது. என் பங்கு அறுபது கிலோ. மூன்றாம் மாடிக்கு ஏற்றியாயிற்று. ஏற்றியவர் கொதிகலன் அறை மேஸ்திரி தொங். நான் கேட்கவில்லை, வழியில் பார்த்தவர் தானாகவே தூக்கிக்கொண்டு வந்தார். நீ பெய்ஜிங்கில் படித்துக்கொண்டிருந்தபோது வேலைக்கு வந்தவர், அதனால் உனக்குத் தெரியாது. முப்பத்தேழு வயது. பேச்சு குறைவு.

அவரைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ எதையும் அளந்து பார்ப்பவன். தினமும் மூன்றரை மணிக்கு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கொதிகலன் அறைக்கு வெந்நீருக்குப் போவேன் அல்லவா? அப்போது "சாப்டாச்சா?" என்று கேட்கிறார். எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். ஆனால் மூன்றரை மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கும். என்ன சொல்வதென்று தெரியாமல் "ம்" என்று சொல்லிவைக்கிறேன். பக்கத்துப் பலகை மெங் அக்காவோ, "ஒன்ன மட்டும் ஏன்டி கேக்குறாரு? எங்களுக்கெல்லாம் வயிறு இல்லையா?" என்று கேலி செய்கிறாள்.

தூர மேற்கே, லாஞ்சோவில் புதுத் தொழிற்சாலை கட்டி முடித்துவிட்டார்கள். இங்கிருந்து எழுபது பேர் போக வேண்டும். ஆண்டுக் கடைசியில் பட்டியல் ஒட்டுவார்கள். கல்யாணமாகாத ஆண்கள் பெயர்தான் முதலில் வருமாம். கல்யாணத்துக்கு மனுப் போட்டிருந்தால் விட்டுவிடுவார்களாம். மேஸ்திரி தொங்குக்குக் கல்யாணமாகவில்லை.

நான் கேட்டதற்கு அவசரமில்லை. நேரம் கிடைத்தால் எழுது. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

அக்கா ஷுச்சின்



ஷெஃபீல்டு
26 அக்டோபர் 1986

அக்கா,

நலம் விசாரிப்பதை இந்தக் கடிதத்தோடு நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். காரணம் கீழே.

உன் கேள்வி நல்ல கேள்வி. இங்கே அதைச் சோதித்தே பார்த்துவிட்டேன். நம் ஊர் வழக்கப்படி இவர்களுக்கு வணக்கம் சொன்னால் என்ன ஆகும்? பதினொரு மணிக்கு வில்ஃபைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்றேன். நின்றுவிட்டார். "என்னடா கண்ணு, பசிக்குதா? ஏன்டா காலைலயே சொல்லல?" என்று தன் சாண்ட்விச்சைப் பாதியாகப் பிய்த்துக் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். விடவில்லை. நின்ற இடத்திலேயே தின்ன வைத்தார். மறுநாள் இரண்டு சாண்ட்விச் கொண்டுவந்தார்.

அடுத்து, சாமான் அறையில் வேலை பார்க்கும் மோரீன். நடைவழியில் பார்த்தால் "எங்க கெளம்பிட்டீங்க?" என்பேன். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பதில்லையா, அதுபோல. முதல் நாள், "மேலதான்" என்றாள். இரண்டாம் நாள், "ஏன்?" என்றாள். மூன்றாம் நாள், "நான் எங்க போனா ஒனக்கென்னய்யா? நீ என்ன எங்கப்பனா?" என்று கத்தினாள். அதோடு முடியவில்லை. யார் யார் எங்கே போகிறார்கள் என்று சீனப் பையன் ஏன் விசாரிக்கிறான் என்று மேலிடத்திலிருந்து வில்ஃபிடம் கேட்டிருக்கிறார்கள். "அவனுக்கு அது குட் மார்னிங் மாதிரிங்க, விடுங்க" என்று அவர்தான் காப்பாற்றினார்.

ஆக, முடிவு இதுதான். வணக்கம் என்பது சுமை ஏற்றாமல் ஓடும் இயந்திரம். சத்தம் வரும், வேலை நடக்காது. இவர்களும் பதில் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. பதில் சொல்ல நிற்பவன்தான் முட்டாள். அந்த முட்டாளாக நான் கழிப்பறை வாசலில் நின்றிருக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன்.

உன் மேஸ்திரி தொங் கேட்பதும் அதே ரகம்தான். மூன்றரை மணியோ நடுப்பகலோ, சுமை பூஜ்யம். "சாப்டாச்சு" என்று சொல்லிவிட்டு நட. "ம்" என்று இழுத்தால் ஆள் மேலும் பேசுவார், தண்ணீர் ஆறும்.

ரோட்டர் வேலை நன்றாகப் போகிறது.

கெஜியன்



ஷென்யாங்
28 நவம்பர் 1986

தம்பி கெஜியன்,

நீ நிறுத்தினாலும் நான் நிறுத்தமாட்டேன். சாப்பிட்டாயா? குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்கினாயா?

நீ சொன்னபடியே செய்தேன். "சாப்டாச்சு" என்று சொல்லிவிட்டு, ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு நடந்தேன். முதல் நாள் அவர் "ஓ, சரிங்க" என்றார். பத்து நாள் அப்படியே போயிற்று. பதினோராம் நாள், "சாப்டாச்சு" என்று நான் சொன்ன பிறகு, "நாளைக்கும் சாப்ட்ருவீங்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாளைச் சாப்பாட்டை இன்றைக்கே யாராவது விசாரிப்பார்களா? "சாப்ட்ருவேன்" என்றேன். தலையாட்டினார்.

அதற்குப் பிறகு கேட்பதில்லை. "தண்ணி கொதிக்குது, பாத்து" என்று மட்டும் சொல்கிறார். அதையேதான் மெங் அக்காவுக்கும் சொல்கிறார். நல்லதுதான், வரிசை சீக்கிரம் நகர்கிறது.

இப்போது காலையிலேயே தண்ணீர் பிடித்துக்கொள்கிறேன். காலை ஷிஃப்ட் அவருடையது அல்ல. மூன்றரைக்குள் ஆறிவிடுகிறது, இருந்தாலும் குடித்துவிடலாம்.

பட்டியல் இன்னும் ஒட்டவில்லை.

இருமல் வந்தால் பேரிக்காய் வேகவைத்துச் சாப்பிடு.

ஷுச்சின்



ஷெஃபீல்டு
18 டிசம்பர் 1986

அக்கா,

பார்த்தாயா? இரண்டே வாரத்தில் விஷயம் தீர்ந்தது. கணக்கு சரியாக இருந்தால் பலன் உடனே தெரியும்.

நானும் இங்கே தேறிவிட்டேன். "நல்லா இருக்கியா?" என்று யார் கேட்டாலும், நடையை நிறுத்தாமல் "நல்லா இருக்கேன், நீங்க?" என்பேன். பதிலுக்குக் காத்திருப்பதில்லை. திருமதி ஹாலம் "மழ பெய்யுது" என்றால், "நேத்தைக்கு இன்னிக்கு பரவால்ல" என்பேன். அதில் என்ன சந்தோஷமோ, எனக்கு இன்னொரு துண்டு கேக் கிடைக்கிறது. மோரீன்கூடச் சிரிக்கிறாள். நான்கு மாதம் எதற்கு இவ்வளவு குழம்பினேன் என்று தெரியவில்லை.

ஒரே தொந்தரவு ரோட்டர். தனியாகச் சமன்செய்து காட்ட வேண்டிய ரோட்டரை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இயந்திரம் சொல்கிற இடத்தில் எடையை வைக்கிறேன். அதிர்வு குறைய வேண்டும். ஏறுகிறது. எடையை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு வைக்கிறேன். இன்னும் ஏறுகிறது. இரண்டு வாரமாக இதே கூத்து. யாரையும் கேட்கப்போவதில்லை. பெய்ஜிங்கில் படித்தவன் கூட்டல் கழித்தலுக்கு உதவி கேட்டான் என்று பேர் வாங்க வேண்டுமா?

வில்ஃப் மூன்று தடவை என் மேஜைப் பக்கம் வந்தார். "நல்லா இருக்கியா கண்ணு?" என்றார். "நல்லா இருக்கேன், நீங்க?" என்றேன். வழக்கமாக இத்தோடு போய்விடுவார். போகவில்லை. அளவுமானியின் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாடியைச் சொறிந்தார். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தான்" என்றேன். பிறகு போனார். வயதாகிறது, பாவம், எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறதுபோல.

உன் பட்டியல் என்ன ஆயிற்று? அதில் உனக்கு என்ன அவ்வளவு அக்கறை என்றுதான் புரியவில்லை.

கெஜியன்



ஷென்யாங்
8 ஜனவரி 1987

தம்பி கெஜியன்,

நலம், உன் நலம் அறிய ஆவல்.

இங்கே குளிர் அதிகம். முந்தாநாள் பனி பெய்தது. நேற்றும் பெய்தது. இன்று காலை விட்டது, மதியம் மறுபடி பிடித்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமே பனி உறைந்திருக்கிறது. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள்.

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எழுபது பெயர். மேஸ்திரி தொங் பெயர் நாற்பத்தோராவது. மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை கிளம்புகிறார்கள்.

அதில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை. கேட்டாய், அதனால் எழுதினேன்.

காற்று வடக்கிலிருந்து வீசுகிறது.

ஷுச்சின்



ஷெஃபீல்டு
30 ஜனவரி 1987

அக்கா,

வசந்தப் பண்டிகை வாழ்த்து. ஒரு நாள் பிந்திவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

போன வாரம் ரோட்டரை ஓட்டிக் காட்டினேன். மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். வேகம் ஏறியபோது தரை நடுங்கியது. வில்ஃப் ஓடிப்போய் விசையை அணைப்பதற்குள் தாங்கி உடைந்து, அளவுமானியின் கண்ணாடி சிதறி, ஓர் அதிகாரியின் தேநீர்க் கோப்பை கீழே விழுந்தது. யாருக்கும் அடியில்லை. எனக்கு மட்டும் தலை நிமிரவில்லை.

எல்லாரும் போன பிறகு வில்ஃப் என் குறிப்பேட்டைப் புரட்டினார். இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இவர்கள் கோணத்தை இடப்பக்கமாகச் சுற்றி எண்ணுகிறார்கள், நான் வலப்பக்கமாக எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எடையைச் சரியாகத் தப்பான பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

"ஏன்டா, மூணு தடவ வந்து கேட்டேனே!" என்றார். கண்ணு என்று சொல்லவில்லை.

"எப்ப கேட்டீங்க?"

"நல்லா இருக்கியான்னு கேக்கல?"

"அது வணக்கம்தானே?"

"வணக்கமா? ஏன்டா, எம்மாம் பெரிய கட்டடம் இது. அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்கு மூட்டு வலியோட நடந்து வந்து ஒனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போவேனா?"

"தினம் காலைல சொல்றீங்களே?"

"காலைல நடந்துக்கிட்டே சொல்றேன். நடந்துக்கிட்டே கேட்டா வணக்கம். நின்னு கேட்டா கேள்வி. இதக்கூடவா சொல்லித் தருவாங்க?"

யாரும் சொல்லித் தரவில்லை அக்கா. நான் வார்த்தையையே அளந்துகொண்டிருந்தேன், கால்களைப் பார்க்கவே இல்லை.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். முட்டைக்கோசை மூன்று மாடி தூக்கியவர். நாளைக்கும் சாப்பிடுவீர்களா என்று கேட்டவர். நீ, வானிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ எப்போது வானிலை எழுதினாய்?

உடனே பதில் எழுது. மேஸ்திரி தொங் கேட்டபோது நடந்துகொண்டிருந்தாரா, நின்றாரா? கையில் என்ன இருந்தது? மற்றவர்களிடம் எப்படி நின்றார்? ஒன்றையும் விடாதே.

கெஜியன்



ஷென்யாங்
19 பிப்ரவரி 1987

தம்பி கெஜியன்,

உனக்கு அடிபடவில்லையே? கண்ணாடி கண்ணில் படவில்லையே? அதை எழுதாமல் அதிகாரியின் கோப்பையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நீ கேட்டதற்குப் பதில். நின்றார். மற்றவர்களிடம் பேசும்போது கரி அள்ளிக்கொண்டே பேசுவார். நான் போனால் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைப்பார். கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொள்வார். பிறகு கேட்பார்.

இன்னொன்றும் இருந்தது. கொதிகலன் குழாய்மேல் மூடி போட்ட ஒரு தூக்குப் பாத்திரம், நீலப் பூ போட்டது. தினமும் மூன்றரைக்கு அது அங்கே இருக்கும். மூடியோரம் ஆவி வரும். நான் "சாப்டாச்சு" என்று சொன்ன நாட்களிலும் இருந்தது. பதினோராம் நாளுக்குப் பிறகுதான் இல்லை. உள்ளே என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது.

இதை அப்போதே ஏன் எழுதவில்லை என்பாய். எழுதியிருந்தால் நீ கேட்டிருப்பாய், "அதுல ஒனக்கென்ன?" என்று. எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

முந்நூறு பேர் ஒரு நாளைக்கு என் காதில் "வெய், வெய்" என்று ஹலோ சொல்கிறார்கள். யார் கோபமாக இருக்கிறார், யார் வீட்டில் உடம்பு சரியில்லை, யார் குடித்திருக்கிறார் எல்லாம் அந்த ஒரு "வெய்"யிலேயே தெரியும் எனக்கு. ஒன்பது வருஷப் பழக்கம். என் விஷயத்துக்கு மட்டும் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டேன் பார்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நடந்ததும் நான்தான், சொன்னதும் நான்தான்.

இனி போய் என்ன சொல்வது? பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று நினைக்கமாட்டாரா? கல்யாண மனுப் போட்டுப் பெயரை எடுக்கலாம் என்றாலும் அந்த நாளும் தாண்டிவிட்டது. மார்ச் பன்னிரண்டு.

கைகளுக்கு எண்ணெய் தடவு, குளிரில் வெடிக்கும்.

ஷுச்சின்



ஷெஃபீல்டு
22 பிப்ரவரி 1987

அக்கா,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. இருபத்து மூன்று நாளாகிறது. வராது என்று கணக்குக்குத் தெரிகிறது, இருந்தாலும் தினமும் தபால்பெட்டியைத் திறக்கிறேன். திருமதி ஹாலம், "காதல் கடுதாசியாப்பா?" என்கிறார். "எங்க அக்கா" என்றால் நம்பவில்லை.

நின்றாரா, நடந்தாரா? அதை மட்டும் எழுது.

கெஜியன்



ஷெஃபீல்டு
10 மார்ச் 1987

அக்கா,

இன்று காலை நாம் பேசியது பேச்சா என்ன என்று எனக்கே தெரியவில்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. தூக்குப் பாத்திரத்தைப் பற்றிப் படித்ததும் வில்ஃபிடம் ஓடினேன். அவர் என்னைப் பார்த்ததும் நின்று, "நல்லா இருக்கியா?" என்றார். "நல்லா இல்ல" என்றேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். கதை முழுவதும் கேட்டுவிட்டு, "மூணரை மணிக்கு சுடச்சுடத் தூக்கா? அட, கல்லுக்குக்கூடப் புரியுமேடா!" என்றார். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டாம் தேதி தாண்டிவிடும். தந்தி கொடுத்தால் உங்கள் தபால் பிரிவே முதலில் படித்துச் சிரிக்கும். வில்ஃப் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டு எனக்கு மூன்று நிமிட அழைப்பு வாங்கிக் கொடுத்தார்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று. கடைசியில் உன் குரல் "வெய்" என்றது. அவ்வளவுதான், தாள் எங்கே போயிற்றோ.

"அக்கா, சாப்டியா?" என்றேன்.

"சாப்டேன். நீ சாப்டியா? அங்க மணி என்ன?"

"எட்டு. ஒடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒன் ஒடம்பு?"

"நல்லா இருக்கு. குளுருதா?"

"பனி விட்டுருச்சு. அங்க?"

"மழ. ஒடம்பு நெசமா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குடா."

பக்கத்தில் வில்ஃப் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. நான்காவது தடவையாக உடம்பை விசாரித்தபோது லைன் போய்விட்டது. ஆறு மாதமாக வணக்கம் என்றால் வெறும் சத்தம் என்று பேசியவன், வந்த மூன்று நிமிடத்தையும் அதற்கே கொடுத்துவிட்டேன். என்னிடம் என்ன கோளாறு என்று தெரியவில்லை. மெங் அக்கா பக்கத்தில் இருந்தாளா? அதனால்தான் நீயும் ஒன்றும் சொல்லவில்லையா?

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் சொன்னது தப்பு. அவர் கேட்டது கேள்வி.

கெஜியன்



ஷென்யாங்
3 ஏப்ரல் 1987

தம்பி கெஜியன்,

நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருப்பது தெரியும். டெலிபோனில்தான் சொன்னாயே.

மெங் அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அது காரணமில்லை. உன் குரல் கேட்டதும் எனக்கும் வேறொன்றும் வரவில்லை. ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து நீ என் உடம்பை ஒரே அழைப்பில் நான்கு தடவை விசாரித்ததில்லை. என் கடிதம் வந்து சேர்ந்தது, படித்தாய், ராத்திரி தூங்கவில்லை, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறாய், எல்லாம் தெரிந்தது. நீ தாளில் எழுதி வைத்ததைப் படித்திருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது. வணக்கத்துக்குச் சுமை பூஜ்யம் என்று எழுதியவனே, கேட்டுக்கொள்.

லைன் போனதும் அன்றே மாலை பணியாளர் பிரிவுக்குப் போனேன். லாஞ்சோவில் டெலிபோன் பலகைக்கு ஆளில்லை. அங்கிருந்து அழைப்பு வந்தால் கிடங்கு ஆள், கரி ஆள், யார் கையில் அகப்படுகிறதோ அவர்தான் எடுக்கிறார். இங்கிருந்து போக யாரும் மனுக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். எழுதி வாங்கியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யோசிச்சுத்தான் எழுதுறியாம்மா? அங்க மண்ணு திங்கணும்" என்றார்.

பன்னிரண்டாம் தேதி காலை வாசலில் லாரி நின்றது. பலகையில் ஒரே அழைப்பு விளக்கு மயம். மெங் அக்கா, "போடி, நான் பாத்துக்குறேன். எல்லாம் என் கோட்டான் கண்ணுக்குத் தெரிஞ்சதுதான்" என்று என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

வாசலில் எல்லாரும் எல்லாருக்கும் "பாத்துப் போங்க, மெதுவாப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் லாரியில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அதில் ஒன்றையும் சொல்லவில்லை. நேராகப் போய், "லாஞ்சோவுக்கு டெலிபோன் ஆள் கேட்டிருந்தாங்க. நான் எழுதிக் குடுத்துட்டேன்" என்றேன். உன்னைப்போலவே பேசிவிட்டேன் என்று பிறகுதான் தோன்றியது.

மூட்டை பாதி ஏறி, பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்போ?" என்றார்.

"முந்தாநாள்."

"அங்க தண்ணி மஞ்சளா வரும்."

"வடிகட்டிக்கலாம்."

"காத்துல மண்ணடிக்கும்."

"ஜன்னல சாத்திக்கலாம்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பின்னால் யாரோ, "தொங் அண்ணே, வாய்யா ஏறு, பேச்ச லாஞ்சோவுல பேசிக்க!" என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஏறினார். லாரி நகர ஆரம்பித்ததும் திரும்பிக் குதித்துவிட்டார். ஓட்டுநர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். மேஸ்திரி தொங் என் முன்னால் வந்து நின்று, கையைச் சட்டையில் துடைத்தார்.

"பெட்டி எத்தன கொண்டுவருவீங்க?"

"ஒண்ணுதான்."

"கனமா இருக்குமா?"

"கொஞ்சம் கனம்தான்."

"அப்ப தேதிய எழுதுங்க. ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு கிலோமீட்டர் வரணும். தனியா தூக்க முடியாது."

அவ்வளவுதான் பேசினார். ஏறிக்கொண்டார்.

நேற்று என் மனுவுக்கு ஒப்புதல் வந்தது. பதினெட்டாம் தேதி கிளம்புகிறேன். அவருக்குத் தேதியை எழுதிப் போட்டுவிட்டேன். பெட்டியைப் பற்றி அவர் கேட்டது பெட்டிக்காகவா, வழக்கத்துக்காகவா, வேறு எதற்காகவாவதா என்று எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. மெங் அக்கா ஒன்று சொல்கிறாள், பணியாளர் பிரிவுக்காரர் ஒன்று சொல்கிறார்.

இந்தத் தடவை உன்னிடம் கேட்கப்போவதில்லை. போய் இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

வில்ஃப் ஐயாவுக்கு என் வணக்கம் சொல். நின்று சொல்.

அக்கா ஷுச்சின்